நல்ல நோக்கத்துக்காக அரசியலில் பொய் சொல்லலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "முழு உண்மையும் தெரிந்தால் மக்கள் தவறான முடிவெடுத்துவிடுவார்கள், நாடு அழியும் என்று ஒரு தலைவருக்கு உறுதியாகத் தெரிகிறது. அப்போது அவர் பொய் சொல்வது நியாயம்தானே? வள்ளுவரே 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று சொல்லியிருக்கிறாரே?"

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். எதிரி நாட்டை ஏமாற்றலாம். சில விஷயங்களைச் சில நாள் சொந்த மக்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் மக்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றை, அவர்களிடம் பொய் சொல்லித் தனக்கு வேண்டிய பக்கம் திருப்புவது நியாயமில்லை. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இல்லை. நல்லவர் சொன்ன பொய் அவரோடு நிற்பதில்லை என்பதுதான் இதற்கு முக்கியமான காரணம். அவருக்குப் பின்னால் வருகிறவர் அதே வழியில் நடக்கிறார்.

குறளிலிருந்தே தொடங்குவோம். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." இதை அரசியலுக்கு இழுக்கிறவர்கள் 'புரைதீர்ந்த' என்ற சொல்லை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நன்மை தந்தால் போதும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. குற்றம் துளியும் கலவாத நன்மை என்கிறார். பரிமேலழகர் இதற்கு உரை எழுதும்போது காட்டும் நிலைமை, கேட்டிலோ சாவிலோ சிக்கவிருந்த ஓர் உயிர் அந்தப் பொய்யால் தப்பிப் பிழைப்பது. வீட்டுக்குள் ஒருவன் ஒளிந்திருக்கிறான், கொல்ல வந்தவன் வாசலில் நின்று "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான், அந்த மாதிரி நிலைமை. 1797-ல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் அந்த இடத்தில்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று எழுதினார். நான் பரிமேலழகர் பக்கம்தான். வாசலில் நிற்கும் கொலைகாரனுக்கு அந்தப் பதிலைக் கேட்கவே உரிமை கிடையாது. ஓட்டுப் போடுகிறவருக்கும் வரி கட்டுகிறவருக்கும் மகனைப் போருக்கு அனுப்புகிறவருக்கும் அந்த உரிமை உண்டு.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வாய்மை அதிகாரம் அறத்துப்பாலில், துறவறவியலில் வருகிறது. ஆட்சியைப் பற்றிப் பேசும் பொருட்பாலில் பொய்க்கு இப்படி ஒரு சலுகையை வள்ளுவர் தரவில்லை. வேற்று நாட்டுக்குப் போகும் தூதனுக்கே வாய்மை வேண்டும் என்கிறார். அரசனுக்குச் சொல்வது, காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேள் என்பது. இந்தக் குறளைச் சொல்லி அரசியல் பொய்யை நியாயப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

எதிரியை ஏமாற்றுவது பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1944-ல் நேச நாடுகள் பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கப்போவதை மறைத்து, அதே கடற்கரையில் வேறொரு இடமான கலே பக்கம்தான் படை வருகிறது என்று ஹிட்லரை நம்பவைத்தன. இல்லாத படையையே இருப்பதாகக் காட்டினார்கள். அதில் தவறு காண எனக்கு ஒன்றும் இல்லை. 1998-ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனைக்கு ஆயத்தம் நடந்தபோது அப்துல் கலாம் ராணுவ உடையில் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற பெயரில் போய்வந்தார். வானிலிருந்து பார்க்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அவ்வளவும். மே 11 அன்று சோதனை முடிந்தது. அன்று மாலையே வாஜ்பாய் வெளியே வந்து நடந்ததைச் சொன்னார். அணுகுண்டு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வாதம். மறைத்த விதத்தை மட்டும் பார்த்தால், அதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது, மறைத்தவர்களே வந்து சொன்னார்கள்.

கடினமான கேள்வி சொந்த மக்களிடம் சொல்லும் பொய்தான். அதற்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை. வேண்டுமென்றே அவரைத் தேர்ந்தெடுக்கிறேன். ஒரு கொடியவரின் பொய்யை எடுத்துக்கொண்டு பொய் தப்பு என்று காட்டுவது சுலபம். ரூஸ்வெல்ட்டின் நோக்கம் நல்லது. ஹிட்லரை நிறுத்தவேண்டும் என்று அவர் நினைத்தது சரி. பிரிட்டன் விழுந்தால் உலகமே இருண்டுவிடும் என்று அஞ்சியதும் சரி. அமெரிக்க மக்களில் பெரும்பகுதி அப்போது போருக்குப் போகத் தயாராக இல்லை. 1941 ஆகஸ்ட் 12 அன்று, கட்டாய ராணுவச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே ஓட்டில்தான் பிழைத்தது. அவ்வளவு இழுபறி.

அந்த நேரத்தில்தான் கிரீர் கப்பல் விவகாரம் வந்தது. 1941 செப்டம்பர் 4. கிரீர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தபால் மூட்டைகளோடு ஐஸ்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காலை 8.40 மணிக்கு மேலே பறந்த ஒரு பிரிட்டிஷ் விமானம், பத்து மைல் முன்னால் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி இருக்கிறது என்று சைகை கொடுத்தது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. கிரீர் விலகிப் போயிருக்கலாம், போகவில்லை. வேகத்தைக் கூட்டிப் போய், ஒலியலைக் கருவியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து, மூக்கை அதை நோக்கியே வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தது. அது இருக்குமிடத்தை விமானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. 10.32-க்கு விமானம் நான்கு குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டு, எரிபொருள் தீரும் நிலையில் திரும்பிவிட்டது. கிரீர் விடவில்லை, இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தது. நீருக்கு அடியில் இருந்த ஜெர்மானியர்களை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு கப்பல் விடாமல் துரத்துகிறது, குண்டு வெடித்திருக்கிறது, போட்டது யார் என்று கீழே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. 12.48-க்கு அந்த நீர்மூழ்கி டார்பிடோவை ஏவியது. குறி தப்பியது. கிரீர் பதிலுக்குக் குண்டுகளைப் போட்டது. இரு பக்கமும் யாருக்கும் காயம் இல்லை.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 இரவு, ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். கிரீர் தபால் கொண்டுபோன கப்பல், அமெரிக்கக் கொடி பறந்தது, பட்டப்பகல், எச்சரிக்கையே இல்லாமல் ஜெர்மன் நீர்மூழ்கிதான் முதலில் சுட்டது, மூழ்கடிக்கும் நோக்கத்தோடு சுட்டது என்றார். ஜெர்மன் நீர்மூழ்கிகளை அட்லாண்டிக்கின் விஷப் பாம்புகள் என்றார். இனி அமெரிக்கக் கடற்படை, தன் பாதுகாப்பில் உள்ள கடற்பகுதியில், அடி வாங்கும்வரை காத்திருக்காது என்றார். கண்டதும் சுடு என்ற உத்தரவு என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் துரத்தியதை அவர் சொல்லவில்லை. பிரிட்டிஷ் விமானத்தையும் அதன் நான்கு குண்டுகளையும் சொல்லவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தபால் இருந்தது உண்மை, கொடி பறந்தது உண்மை, கிரீர் மீது முதலில் ஆயுதம் ஏவியது நீர்மூழ்கி என்பதும் ஒரு வகையில் உண்மை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் நிற்கும். சேர்த்துக் கேட்டவர் மனதில் விழுந்த சித்திரம் பொய். நமக்குத் தெரிந்த கதைதான் இது. குருக்ஷேத்திரத்தில் துரோணரை ஆயுதம் கீழே போடவைக்க வேண்டும். அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, "அசுவத்தாமன் இறந்தான்" என்று தருமர் உரக்கச் சொல்கிறார், யானை என்ற சொல்லைத் தணிந்த குரலில் சேர்க்கிறார். சொன்னதில் பொய் இல்லை, கேட்டவர் காதில் விழுந்ததுதான் பொய். அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய தருமரின் தேர் அந்தக் கணத்தில் தரையைத் தொட்டது என்கிறது பாரதம். பாண்டவர் பக்கம் நியாயம் இருந்தது, போரும் ஜெயித்தது, தேர் மட்டும் மறுபடி மேலே எழவில்லை. அந்தக் கதையைச் சொன்னவர்கள் தருமருக்குச் சலுகை கொடுக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும்.

ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவாக இருக்கும் வாதங்களில் வலுவானது தாமஸ் பெய்லி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1948-ல் எழுதியது. ரூஸ்வெல்ட் மக்களைத் திரும்பத் திரும்ப ஏமாற்றினார் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நோயாளியின் நன்மைக்காகவே நோயாளியிடம் பொய் சொல்லும் மருத்துவரைப் போல அது என்கிறார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த உவமையை நான் சுலபமாகத் தள்ள முடியாது, ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அதைச் செய்திருக்கிறோம்.

என் பெரியப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவரிடம் சொல்லவேண்டாம் என்று நாங்கள் எல்லோருமாக முடிவு செய்தோம். நம் ஊரில் பல வீடுகளில் நடப்பதுதான். "ரிப்போர்ட்ல என்னடா போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார். "அல்சர்தான் பெரியப்பா, மாத்திரையிலேயே சரியாயிடும்" என்றேன். அவருக்கும் அவர் தம்பிக்கும் நிலத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. "தை பொறக்கட்டும், உடம்பு தேறினதும் நானே போய்ப் பேசுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகையில் போய்விட்டார். சித்தப்பா வந்து பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. நாங்கள் அன்பினால்தான் பொய் சொன்னோம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று அவர் எடுத்த முடிவு முழுக்க எங்கள் பொய்யின் மேல் நின்றது.

அமெரிக்க மருத்துவ உலகமே இந்த வழக்கத்தை விட்டுவிட்டது என்பதைப் பெய்லியின் உவமையை எடுப்பவர்கள் பார்க்கவேண்டும். 1961-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கேட்கப்பட்ட மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றே பதில் சொன்னார்கள். 1979-ல் மறுபடி கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வோம் என்றார்கள். மருத்துவருக்கே இல்லை என்று ஆன உரிமையை ஆட்சியாளருக்கு எப்படிக் கொடுப்பது? அதுவும், மருத்துவரைப் பிடிக்கவில்லை என்றால் நோயாளி வேறு மருத்துவரிடம் போகலாம். ஆட்சியாளரை மாற்ற ஓட்டு ஒன்றுதான் வழி, அந்த ஓட்டை எப்படிப் போடுவது என்று தீர்மானிக்கத் தேவையான உண்மையைத்தான் அவர் மறைத்துவைத்திருக்கிறார்.

சரி, ரூஸ்வெல்ட்டின் பொய்யால் கெட்டது என்ன? ஹிட்லர் தோற்றான், உலகம் பிழைத்தது, இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். கணக்கை 1941-ல் மூடிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதனால் இருபத்துமூன்று வருஷம் தள்ளிப் போகிறேன்.

ரூஸ்வெல்ட் வானொலியில் பேசிய அந்த நாளில் டெக்சாஸிலிருந்து வந்த ஓர் இளம் உறுப்பினர் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். ரூஸ்வெல்ட்டைத் தெய்வமாக நினைத்தவர். பெயர் லிண்டன் ஜான்சன். 1964 ஆகஸ்டில் அவரே ஜனாதிபதி. ஆகஸ்ட் 2 அன்று வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் மடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் மூன்று டார்பிடோ படகுகள் தாக்கின. இது நடந்தது. ஆகஸ்ட் 4 இரவு மறுபடி தாக்குதல் என்று செய்தி வந்தது. இது நடக்கவே இல்லை. சில மணி நேரத்திலேயே அங்கிருந்த தளபதி ஜான் ஹெரிக் தந்தி அனுப்பினார்: பல தகவல்கள் சந்தேகமாக இருக்கின்றன, மோசமான வானிலையும் ஒலியலைக் கருவியைக் கவனித்தவர்களின் பதற்றமும் காரணமாக இருக்கலாம், கண்ணால் கண்டவர் யாரும் மடாக்ஸில் இல்லை, முழுதாக ஆராயாமல் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம். பிற்பாடு இன்னொரு செய்தியில் தாக்குதல் உண்மைதான் போலிருக்கிறது என்ற மாதிரியும் சொன்னார். குழப்பம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் தோன்றிய ஜான்சன் பேச்சில் குழப்பத்தின் சுவடே இல்லை. தாக்கினார்கள், திருப்பி அடிக்கிறோம் என்றார். மறுநாள் குண்டுவீசப் போன விமானங்களில் ஒன்று விழுந்து, அதை ஓட்டிய எவரெட் ஆல்வாரெஸ் சிறைப்பட்டார். எட்டரை வருஷம் கழித்து, 1973 பிப்ரவரியில்தான் வீடு திரும்பினார்.

கிரீரில் மறைத்த பிரிட்டிஷ் விமானத்துக்கு ஈடான ஒன்று இங்கேயும் இருந்தது. ஆகஸ்ட் 2-க்கு இரண்டு மூன்று நாள் முன்னால், அமெரிக்கா பின்னிருந்து நடத்திய ரகசியத் திட்டத்தின்படி, தென் வியட்நாம் படகுகள் வட வியட்நாமின் தீவுகளைத் தாக்கியிருந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, நம் கடற்படைக்கு அதில் பங்கும் இல்லை, அதைப் பற்றித் தெரியவும் தெரியாது என்று மேலவையான செனட்டின் குழுவிடம் சொன்னார். ஆகஸ்ட் 7 அன்று, தேவையான எந்த நடவடிக்கையும் எடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் க்ருயெனிங்கும். இருவரும் 1968 தேர்தலில் தோற்றார்கள். அந்தப் போரில் செத்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில், பல கணக்குகளின்படி முப்பது லட்சம்வரை.

ஜான்சனுக்கும் நல்ல நோக்கம் இருந்தது, இதை மறந்துவிடக்கூடாது. கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தை 1964 ஜூலையில் கையெழுத்திட்டவர் அவர். முதியோருக்கு அரசு மருத்துவக் காப்பீடு, ஏழைகளுக்கான திட்டங்கள் எல்லாம் அவர் கொண்டுவந்தவை. போரின் உண்மையான அளவும் செலவும் தெரிந்தால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அந்தத் திட்டங்களை வெட்டிவிடும் என்று பயந்துதான் 1965-ல் படை எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னார். 1940-ல் ரூஸ்வெல்ட் பாஸ்டனில் "உங்கள் பிள்ளைகளை அந்நியப் போர்களுக்கு அனுப்பமாட்டோம்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். 1964-ல் ஜான்சனும் ஏறத்தாழ அதையே, ஆசியாவுக்கு நம் பிள்ளைகளை அனுப்பப்போவதில்லை என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். ஐந்தே மாதத்தில் தென் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் படை இறங்கியது.

அந்த 1964 தீர்மானத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றியவர் வில்லியம் ஃபுல்பிரைட். தீர்மானத்தின் வீச்சைக் குறைக்கத் திருத்தம் கொண்டுவர விரும்பிய சக செனட்டரை, தேவையில்லை என்று சமாதானப்படுத்தியதும் அவரே. தான் ஏமாற்றப்பட்டது பிற்பாடு தெரிந்தபோது மனம் உடைந்து, அந்தப் போருக்கு எதிரான பெரிய குரலாக மாறினார். 1971-ல் அவர் சொன்னதன் சாரம் இது: நல்ல காரியத்துக்காக ரூஸ்வெல்ட் செய்த தந்திரம், கெட்ட காரியத்துக்காக ஜான்சன் அதே மாதிரித் தந்திரம் செய்வதைச் சுலபமாக்கிவிட்டது. இந்த விஷயத்தில் இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நல்லவர் போட்ட பாதையில் நல்லவர்கள் மட்டும்தான் நடக்கவேண்டும் என்று பலகை வைக்க முடியாது.

இங்கே ஒருவர் கியூபாவைக் காட்டுவார். அங்கே சோவியத் யூனியன் ஏவுகணைகளை வைத்ததால் 1962 அக்டோபரில் அணு ஆயுதப் போர் மூளவிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்று சோவியத் தூதரிடம் தன் தம்பி ராபர்ட் மூலம் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். வெளியே, எந்தப் பேரமும் நடக்கவில்லை என்று சாதித்தார்கள். உலகம் பிழைத்தது. இது புரைதீர்ந்த நன்மைதானே? பேரம் பேசியது மகத்தான காரியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. நெருக்கடி நடந்த அந்த நாட்களில் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார்கள். முதல் அடி விழுந்தது ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த அட்லாய் ஸ்டீவன்சன் மேல். ஏவுகணைக்கு ஏவுகணை என்று பேரம் பேசலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொன்னவர் அவர். நெருக்கடி முடிந்த சில வாரத்தில், அவர் கோழைத்தனமாக விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்று ஒரு பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. கென்னடி செய்ததும் அதே பேரம்தான் என்பது தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அதைவிடப் பெரிய சேதம் வேறு. அக்டோபர் 27 இரவு அந்த முடிவு எடுக்கப்பட்ட சிறு கூட்டத்தில் துணை ஜனாதிபதி இல்லை. அந்தத் துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன்தான். கியூபாவில் உறுதியாக நின்றோம், ரஷ்யர்கள் பின்வாங்கினார்கள் என்ற ஊரறிந்த கதைதான் வியட்நாம் பற்றி முடிவெடுத்தவர்களின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கென்னடியின் ஆலோசகராக இருந்த மக்ஜார்ஜ் பண்டி 1988-ல் ரகசியத்தை எழுதியபோது, சக அதிகாரிகளையும் நாட்டு மக்களையும் நேச நாடுகளையும் தங்களுக்குப் பின்னால் வந்தவர்களையும் தவறாக நம்பவைத்துவிட்டோம் என்று வருந்தினார். உறுதியாக நின்றது மட்டுமே போதும் என்ற பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், அது பொய்ப் பாடம். பொய் சொன்னால் எதிரி ஏமாறுகிறான், மக்கள் ஏமாறுகிறார்கள், கடைசியில் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவனும் ஏமாறுகிறான்.

விதிவிலக்கே கிடையாதா? உண்டு. எனக்குத் தெரிந்து மிக நேர்மையான விதிவிலக்கு நாணய மதிப்புக் குறைப்பு. ஒரு நிதியமைச்சர் அடுத்த வாரம் நாணயத்தின் மதிப்பைக் குறைக்கப்போகிறார். இன்று ஒருவர் எழுந்து "குறைப்பீர்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால் அடுத்த மணி நேரத்தில் ஊக வணிகர்கள் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் காலிசெய்துவிடுவார்கள். சொல்லமாட்டேன் என்றாலும் அது ஆமாம் என்றே ஆகும். 1949-ல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் இந்தக் கேள்விக்குப் பலமுறை இல்லை என்றார். நம் நாட்டுக்கு 1942-ல் தூது வந்த அதே கிரிப்ஸ்தான், நேர்மைக்குப் பேர்போனவர். செப்டம்பர் 18 அன்று பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைந்ததை அவரே வானொலியில் அறிவித்தார்.

1967-ல் அதே நாற்காலியில் ஜேம்ஸ் காலஹன். நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில், வெளிநாட்டுக் கடன் பேச்சு பற்றிய கேள்வியை ஓர் உறுப்பினர் எழுப்பினார். மதிப்புக் குறைப்பு முடிவு அப்போதே எடுக்கப்பட்டிருந்தது. நேரடியாக மறுத்துப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, மழுப்பினார். சந்தை புரிந்துகொண்டது. மறுநாள் முழுக்க பவுண்டை விற்றுத் தள்ளினார்கள், கையிருப்பு கரைந்தது. சனிக்கிழமை பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 ஆனது. அந்த ஒரு நாள் நஷ்டத்தை வைத்துப் பார்த்தால் காலஹன் பொய் சொல்லியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். கிரிப்ஸ் சொன்ன மாதிரிப் பொய்க்கு இரண்டு நாளிலோ இரண்டு வாரத்திலோ உயிர் முடிந்துவிடும். சொன்னவரே வந்து உடைப்பார். அதனால் மக்களின் எந்த முடிவும் திருடப்படவில்லை. பிற்பாடு சபை அவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம், கிரிப்ஸைச் சர்ச்சில் கேட்கவும் செய்தார். காலஹன் இரண்டு வாரத்துக்குள் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். மதிப்பைக் குறைத்த அதே வார இறுதியில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் தொலைக்காட்சியில் தோன்றி, உங்கள் பையில் இருக்கும் பவுண்டின் மதிப்பு குறையவில்லை என்ற பொருளில் பேசினார். அதற்கு எந்த அவசரமும் இல்லை, எந்த ஊக வணிகரையும் அது தடுக்கவில்லை. மக்களைச் சமாதானப்படுத்தச் சொன்னது. பிரிட்டனில் இன்றும் அந்தப் பேச்சுதான் நினைவில் நிற்கிறது.

கேட்டவர் சொன்ன நிலைமைக்கே வருகிறேன்: "முழு உண்மை தெரிந்தால் மக்கள் தவறான முடிவெடுப்பார்கள் என்று தலைவருக்கு உறுதியாகத் தெரிகிறது." அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? பொய் சொல்ல விரும்புகிறவரே பொய் அவசியமா என்று தீர்ப்பும் சொல்கிறார். வேறு யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் பொய் வெளியாகிவிடும்.

கிரீர் விஷயத்தில் இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ரூஸ்வெல்ட் பேச்சில் நம்பிக்கை வராமல் செனட்டின் கடற்படைக் குழு விவரம் கேட்டது. கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டார்க் எழுத்தில் பதில் கொடுத்தார். துரத்தியது, விமானம், நான்கு குண்டு, நேரம் எல்லாமே அதில் இருந்தன. அக்டோபரில் அது வெளியே வந்துவிட்டது. அதே மாதம் கியர்னி என்ற அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். மாதக் கடைசி நாளில் ரூபன் ஜேம்ஸ் மூழ்கி சுமார் நூறு பேர் இறந்தார்கள். நவம்பரில், அமெரிக்க வணிகக் கப்பல்கள் ஆயுதம் ஏந்திப் போர்ப் பகுதிக்குள் போகலாமா என்ற கேள்வி காங்கிரஸ் முன்னால் வந்தது. கிரீர் பற்றி ஜனாதிபதி சொன்னது முழு உண்மை இல்லை என்பது அப்போது அவர்களுக்குத் தெரியும், எதிர்த்தவர்கள் சபையிலேயே அதைச் சொல்லிக் காட்டினார்கள். செனட் 50-க்கு 37 என்றும் பிரதிநிதிகள் சபை 212-க்கு 194 என்றும் போகலாம் என்றே ஓட்டுப் போட்டன. உண்மை தெரிந்தபின்னும் ரூஸ்வெல்ட் விரும்பிய முடிவுதான் வந்தது.